நாற்காலி மேல் பழி போடாதீர்கள்

கைவலியோடு என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில், இந்த மாதத்தில் மட்டும் இந்தப் பெண் நான்காவது ஆள். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே சொந்தமாக ஓவியம் வரைந்து கொடுக்கத் தொடங்கி மூன்றரை மாதம் ஆகிறது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னேன். பாதிகூடச் சாயவில்லை, 'ஸ்ஸ்' என்று கையை இழுத்துக்கொண்டார். பாட்டில் மூடியைத் திருக முடியவில்லையாம், சட்டைப் பொத்தான் போட முடியவில்லையாம். ஆனால் அன்று காலைவரை வரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், தானே வாங்கிய பட்டையை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டு.

அவர் கேட்ட முதல் கேள்வி: "மேடம், எந்த நாற்காலி வாங்கலாம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்து சொந்தத் தொழில் செய்கிறவர்களில் என்னிடம் வருகிற முக்கால்வாசிப் பேர் இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். இருந்த சேமிப்பைக் கொட்டி விலையுயர்ந்த நாற்காலி வாங்கியவர்கள், ஏறி இறங்கும் மேசை வாங்கியவர்கள், கூன் போட்டால் முதுகில் அதிரும் கருவி வாங்கியவர்கள், எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. நாற்காலி நல்லதாக இருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. எப்பேர்ப்பட்ட நாற்காலியானாலும், அதில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததுதான். 'சரியாக உட்காருவது' என்று ஒரே ஒரு நிலை கிடையவே கிடையாது. கொஞ்ச நேரம் கூனிக்கொண்டு உட்காருங்கள், அப்புறம் சாய்ந்துகொள்ளுங்கள், காலை மடக்கிக்கொள்ளுங்கள், போன் வந்தால் எழுந்து நடந்தபடி பேசுங்கள். ஒன்றிலேயே உறைந்துபோகாதீர்கள், அவ்வளவுதான். (முதுகு 90 டிகிரி, முட்டி 90 டிகிரி என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டியதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.)

சரி, வேலையில் இருந்தபோதும் இதே டேப்லெட், இதே கைதானே, அப்போது ஏன் வலிக்கவில்லை? ஆபீசில் ஒரு நாள் எப்படிப் போனது, இப்போது எப்படிப் போகிறது என்று மணிவாரியாகச் சொல்லச் சொல்லி நானே ஒரு தாளில் எழுதினேன். ஆபீசில் 8 மணி நேரம் இருந்தாலும் டேப்லெட்டில் வரைகிற பேனா, அதாவது ஸ்டைலஸ், கையில் இருந்தது 4 மணி நேரம்தான். மீதியெல்லாம் மீட்டிங், பக்கத்து மேசைக்கு நடை, ஒப்புதலுக்காகக் காத்திருப்பது, மாடிப்படி. இப்போது 11 மணி நேரம் வேலை, அதில் 9 மணி நேரம் வரைவது, ஞாயிறும் சேர்த்து. தாளைத் திருப்பிக் காட்டியதும் பேச்சே வரவில்லை அவருக்கு. நாம் திட்டித் தீர்த்த அந்த வெட்டி மீட்டிங்குகள்தான் அதுவரை கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண் அதிக வேலைக்குப் பழகும், ஆனால் மாதக்கணக்கில் பழகும். நான்கை ஒரே வாரத்தில் ஒன்பதாக்கினால் அது என்ன செய்யும், பாவம்?

அவருக்கு வந்திருப்பது டி குவெர்வெய்ன், அதாவது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத் தசைநாண்களின் உறை தடித்து வரும் வலி. ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஒருவர் 1895இல் விவரித்தது, அவர் பெயரிலேயே நிற்கிறது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மாருக்கு வருவதும் இதே வலிதான்.

இன்னும் பின்னால் போனால், ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், எழுத்தர்களைப் படுத்தும் நோய்களுக்கு மூன்று காரணம் எழுதிவைத்தார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைந்துகொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக்கூடாதே என்று மனம் இறுகிக்கிடப்பது. மூன்றாவதைப் பற்றி என்னிடம் யாருமே பேசுவதில்லை. அடுத்த மாதம் வேலை வருமோ வராதோ என்ற பயத்தில் கேட்டதற்கெல்லாம் சரி சொல்லி, கரெக்‌ஷன் மேல் கரெக்‌ஷன் வாங்கி, தூக்கம் கெட்டு, தோள் காதுவரை ஏறி நிற்கும். அந்தப் பெண்ணைப் பென்சிலால் இரண்டு கோடு மட்டும் போடச் சொன்னேன். ஆள்காட்டி விரலின் நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தார்.

ஆகவே, நாற்காலிக் கடைக்குப் போகும் முன் இதைக் கேளுங்கள். ஒரு நாளில் கை எத்தனை மணி நேரம் வரையும் என்று கணக்குப் பார்த்து அப்புறம் டெலிவரி தேதி சொல்லுங்கள். தனியாகத் தொழில் தொடங்கும் முதல் மூன்று நான்கு மாதம் கை வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். போன் பேசுவது, யோசிப்பது, மாதிரிப் படம் தேடுவது எல்லாவற்றையும் நடுநடுவே சொருகுங்கள், கடைசியில் குவித்துவைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காதீர்கள், எழுந்துபோய்க் குடியுங்கள். பட்டை கட்டுவது ஓய்வுக்கு, கட்டிக்கொண்டு வேலை செய்யவா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து நடுராத்திரியில் எழுப்பினால், சுண்டுவிரல் பக்கம் மரத்தால், கையிலிருப்பது தானாக நழுவினால், தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள், தயவுசெய்து. உங்களுக்கு மெடிக்கல் லீவு போட்டுத்தர இப்போது ஆள் இல்லை, ஆறு வாரம் கை முடங்கினால் ஆறு வாரம் வருமானமும் முடங்கும்.

"ஏம்மா, பத்து நாள் தள்ளித் தர முடியுமா என்று கிளையன்டைக் கேட்டீர்களா?" என்றேன். கேட்கவில்லை. என் முன்னாலேயே போன் போட்டார். சரி என்றுவிட்டார்கள். எல்லோரும் அப்படிச் சொல்வார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன், போன மாதம் வந்த இன்னொருவருக்கு அப்படிக் கேட்டதில் அந்த வேலையே கைவிட்டுப் போனது.

இப்போது இரண்டாவது வாரம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு 20 நிமிடம் மட்டும் வரைய விட்டிருக்கிறேன். பொத்தான் போட முடிகிறதாம், பாட்டில் மூடி இன்னும் தகராறு செய்கிறது. நாற்காலி வாங்கவில்லை.