பானையைப் பார்த்ததும் குயவர் என்று சொல்லிவிடாதீர்கள்

மெக்சிகோவின் காலனிக் காலச் சுவடியிலிருந்து ஒரு மனிதத் தலையையும் அதை ஒட்டிய பானைச் சின்னத்தையும் மட்டும் வெட்டியெடுத்து, "இவர் குயவர்தானே?" என்று கேட்டு எனக்கு அடிக்கடி படங்கள் வரும். தொழிலைக் காட்டும் சின்னங்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்தப் பானை பெரும்பாலும் அஸ்டெக்குகள் பேசிய நாவாட்ல் மொழிப் பெயரொன்றின் ஓர் அசையாகவே இருக்கும்.

இட்ஸ்கோவாட்ல் என்ற பெயரைப் பாருங்கள். ஆப்சிடியன் என்கிற எரிமலைக் கண்ணாடிக் கல்லும் பாம்பும் சேர்ந்த பெயர். மெண்டோசா சுவடியில் அந்தப் பெயர் கொண்ட அரசருக்கு, உடலில் கூர்க்கற்கள் பதிந்த பாம்பையே வரைந்திருக்கிறார்கள். வேர்காரா சுவடியில் இதே பெயருக்குப் பாம்பே கிடையாது. ஆப்சிடியன் (இட்ஸ்ட்லி), பானை (கோமிட்ல்), தண்ணீர் (ஆட்ல்) ஆகிய மூன்றும் இருக்கின்றன. 'மரம்', 'கிளை' சேரும்போது நாம் 'ம்' உதிர்த்து மரக்கிளை என்பதுபோல, இவற்றின் ஈறுகளை உதிர்த்தால் இட்ஸ்-கோ-ஆ. பானையின் வேலை 'கோ'வோடு முடிந்தது.

ஸ்பானியப் பெயர்களும் இந்த வழியில்தான் எழுதப்பட்டன. டெலேரியானோ-ரெமென்சிஸ் சுவடியில் ஸ்பானிய வைஸ்ராய் மெண்டோசாவுக்கு ஆனைக்கற்றாழையும் (மெட்ல்) வளை தோண்டும் எலி போன்ற பிராணியும் (டோசான்): மெ-டோசா. எழுதியவரின் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பக்கத்தில் லத்தீன் எழுத்தில் பெயர் இருந்தாலும் சிக்கல் தீராது. கழுகும் மரமும் கூட்டுச்சொல்லில் 'குவாவ்' என்று ஒரே மாதிரி எழுதப்படும். எழுத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. கழுகுத் தலை வரைந்திருந்தாலும் அது ஒலிக்காக மட்டும் வந்திருக்கலாம். அதனால் அந்தப் படம் வந்த சுவடியிலேயே அதே பெயர் வேறு ஆட்களுக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவேன். 1560-இல் தயாரான, ஹுவெஹோட்சின்கோ என்ற மெக்சிகோப் பகுதியின் குடிக்கணக்கு இதற்கு நல்ல சுரங்கம். வரி செலுத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் பெயர்ச் சின்னத்தோடு அதில் வரிசையாக இருக்கிறார்கள். அங்கே முகச் சுருக்கம் முதுமையையும், கண்ணீர் கைம்பெண்ணையும் குறிக்கும். இவற்றைப் பெயரோடு சேர்த்துப் படிக்கக் கூடாது.

அதனால் படம் அனுப்புகிறவர்கள் தலையை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். முழுப் பக்கத்தையும், சுவடியின் பெயரையும், ஏட்டின் எண்ணையும் அனுப்புங்கள்.