விளக்கைப் போட்டதும் காணாமல் போகும் திரை

கீழக்கரையில் நான் வரைபடம் போட்டுக் கொடுத்த ஒரு வீட்டுக்கு, அவர்கள் குடிபோன மூன்றாம் மாதம் போயிருந்தேன். முன்னறையின் அகன்ற ஜன்னலில் வெள்ளை வலைத்துணிக்கு மேல் ஒரு பழைய போர்வையை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். வீட்டுப் பெரியம்மா சிரித்தார்: "பகல்ல அழகாத்தான் இருக்கு தம்பி. லைட்டப் போட்டா தெருவே உள்ள வந்துருது."

தப்பு என்னுடையது. ஜன்னல் அளவையும் துணியையும் துபாயிலிருந்த மகனிடம் கைபேசியில் காட்டி முடிவு செய்தேன். நாள் முழுக்க அந்த அறையில் இருக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெல்லிய துணி பகலில் மறைப்பது வெளிச்சத்தின் தயவால்தான். வெயில் பட்டுப் பளிச்சிடும் துணியைத் தாண்டி, இருட்டான அறைக்குள் பார்க்கத் தெருவில் போகிறவருக்குக் கண் எட்டாது. இரவில் எல்லாம் தலைகீழ். எனவே துணி எடுக்குமுன் ஒரு துண்டு வாங்கிவந்து கட்டி, ராத்திரி விளக்கைப் போட்டுவிட்டுத் தெருவில் நின்று பாருங்கள். இரட்டைக் கம்பி போட்டு, ஜன்னல் பக்கம் வலைத்துணியும் அறைப் பக்கம் கெட்டியான பருத்தியும் தொங்கவிட்டால் பிரச்சினை தீரும்.

பழைய வீடுகள் மறைப்பு முழுவதையும் துணியின் தலையில் கட்டவில்லை. வெளிச்சமும் காற்றும் முற்றத்திலிருந்து வந்ததால் தெருப்பக்கம் பெரிய ஜன்னல் தேவைப்படவில்லை. கீழக்கரையில் மகளுக்குக் கல்யாணமானாலும் தாய்வீட்டிலேயே இருப்பது வழக்கம், மாப்பிள்ளைதான் வருவார். ஒரே கூரையில் இரண்டு மூன்று குடும்பங்கள் என்றால், அறை வாசலில் தொங்கும் திரைக்குக் கதவைவிட மரியாதை அதிகம். காற்றை விடும், கண்ணை நிறுத்தும். வருகிறவர் வெளியே நின்று ஒரு குரல் கொடுப்பார். பாம்பன் பக்கத்து ஒற்றை அறை வீடுகளில் கயிற்றில் போட்ட பழைய சேலைதான் பிள்ளை பெற்றவளுக்குத் தனி அறை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடரங்குக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகளைச் சொல்கிறது. ஒரு பக்கம் இழுப்பது, இரு பக்கமிருந்து வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது. கடைக்காரர் காட்டும் ஆல்பத்திலும் இந்த மூன்றுதான். பெயர் மட்டும் இங்கிலீஷ். இதில் மூன்றாவது, கயிறு இழுத்து இறக்கும் பிளைண்ட்ஸ், சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம். வளையமாகத் தொங்கும் கயிறு கழுத்தில் மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் கயிற்றை எட்டாத உயரத்தில் கொக்கியில் சுற்றுங்கள். கட்டிலையும் தொட்டிலையும் அங்கிருந்து நகர்த்துங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. சாதா எவர்சில்வர் கம்பி இங்கே சீக்கிரம் துருப்பிடித்துத் துணியில் காவிக் கோடு போடும். எவர்சில்வரிலேயே 316 என்கிற ரகம் தாங்கும். விலை கட்டுப்படியாகாதென்றால் மரக்கம்பி போதும். துணியில் படியும் உப்பு ஈரத்தை இழுப்பதால் பூஞ்சை பிடிக்கும். அடிக்கடி துவைக்கத்தான் வேண்டும். ஆகவே பருத்தியைத் தைக்குமுன்பே நனைத்துச் சுருங்க விடுங்கள்.

விசைப்படகுக் குடும்பங்கள் பலர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வீட்டு வேலை வைத்துக்கொள்கிறார்கள். அப்போது பாக் விரிகுடா பக்கத்து ஜன்னல் சாதுவாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் அதே திரை பாய்மரமாகிவிடும். ஒரு தையல்காரர் ஓர மடிப்பில் வலைக்குப் போடும் ஈயக்குண்டுகளை வைத்துத் தைத்திருந்தார். யோசனை நல்லதுதான். ஆனால் ஈயம் நஞ்சு, திரை ஓரத்தைக் குழந்தை வாயில் வைக்கும். மடிப்புக்குள் மெல்லிய மரச்சட்டம் செருகச் சொன்னேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு ஜன்னலாக வீட்டுப் பெண்களிடம் கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறேன். போன மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு அக்கா தெருப்பக்கம் மூன்றுக்கும் கெட்டித்துணி கேட்டார். அடுப்படியில் கடலைப் பார்த்த சின்ன ஜன்னலுக்கு என்ன துணி என்றேன். "அதுக்கு ஒண்ணும் வேணாம் சார். படகு வர்றது தெரியணும்ல" என்றார்.