கண்ணு எரிஞ்சுதா? அப்ப அது குரங்கு இல்ல

போன ராகி சீசன்ல கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி பக்கம் எங்க சித்தப்பா யானைக்கு பயந்து பரண்ல காவலுக்கு உக்காந்திருந்தாரு. நடுராத்திரி கொல்லை ஓரத்துல கறுப்பா ஒன்னு ரெண்டு கால்ல நிமிந்து நின்னுச்சாம், ஏழடி இருக்குமாம், டார்ச் அடிச்சா ரெண்டு கண்ணும் கங்கு மாதிரி எரிஞ்சுதாம், அப்புறம் உத்துப் பாக்கப் பாக்க காணாம போச்சாம். காலைல போய் பாத்தா மண்ணுல மனுச கால் மாதிரி ஒன்னரை சாண் நீளத்துக்கு ஒரு தடம். மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள அது வாட்ஸ்அப்ல ராட்சச குரங்கா ஆயிடுச்சு.

சித்தப்பா பொய் சொல்ற ஆளு இல்ல. ஆனா அது குரங்கு இல்லன்னு காட்டிக்குடுக்கறதே அவரு சொன்ன அந்த கண்ணுதான்.

மாடு, நாய், சிறுத்தை, கரடி இதுங்களுக்கெல்லாம் விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, டேப்பீட்டம் லூசிடம்னு பேரு. விழித்திரைல சிக்காம தப்பிச்ச வெளிச்சத்த இது திருப்பி அடிக்கும், அதனால இருட்டுல இன்னொரு தடவ பாக்க சான்ஸ் கிடைக்குது, அப்பவும் மிஞ்சி வெளிய வர்றதுதான் நமக்குத் தெரியற அந்த கங்கு. நம்ம நாட்டு குரங்கு, வாலில்லா குரங்கு, மனுசன், இந்த வகையறாவுக்கு அந்த படலமே கிடையாது (தேவாங்குக்கு இருக்கு, அது தனி கிளை). சந்தேகமா இருந்தா ராத்திரி டார்ச்ச நெத்தியோரமா வச்சுகிட்டு தூரத்துல நிக்கற நாய் மேலயும் உங்க அண்ணன் மேலயும் மாத்தி மாத்தி அடிச்சுப் பாருங்க. நெத்தியோரம் எதுக்குன்னா, வெளிச்சம் போன வழியேதான் திரும்பி வரும்.

அப்ப அது யாரு? என் பந்தயம் கரடி மேல. அஞ்செட்டிய ஒட்டி, 2014ல சரணாலயமா அறிவிச்ச காவேரி வடக்கு காட்டுல கரடி உண்டு, புத்து தோண்டி கரையான் உறிஞ்ச வரும், மோப்பம் பிடிக்க நிமிந்தும் நிக்கும். நம்மள மாதிரியே உள்ளங்கால முழுசா ஊனி நடக்கற மிருகம், முன்கால் தடத்து மேல பின்னங்கால் பாதி ஏறி விழுந்தா ரெண்டும் சேந்து ஒரே நீள தடமா ஆயிடும். விரல எண்ணிப் பாத்திருக்கணும், கரடிக்கு உள்பக்க விரல்தான் சின்னது, நமக்கு அப்படியே தலைகீழ். இமயமலைல சுத்துதுன்னு சொல்ற பனிமனுசன், அதான் எட்டி (Yeti), அந்த கதையும் இங்கதான் வந்து முடிஞ்சுது, எட்டியோடதுன்னு வச்சிருந்த எலும்பு, முடி, தோல்னு 9 மாதிரிய டிஎன்ஏ பாத்து 2017ல ரிசல்ட் வந்துச்சு, 8 கரடி, 1 நாய்.

மறைஞ்சு போனதுக்கு காரணம் நம்ம கண்ணு. இருட்டுல வேலை செய்யற குச்சி செல்லு விழித்திரையோட நட்டநடுவுல கிடையவே கிடையாது, அதனால நேரா முறைச்சா மங்கலா இருக்கறது மறையும், ஓரக்கண்ணால பாத்தா தெரியும். அதுவும் டார்ச் அடிச்சு அணைச்சுட்டா கண்ணு மறுபடி இருட்டுக்குப் பழக 20, 30 நிமிசம் ஆவும். ஏழடி கணக்கும் இப்படித்தான், பக்கத்துல ஒப்பிட மரமோ ஆளோ இல்லாதப்ப 20 மீட்டர்ல நிக்கறத 40 மீட்டர்னு மூளை நினைச்சா உருவம் ரெண்டு மடங்கு பெருசாத்தான் தெரியும்.

இதெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். களிய உருட்டிகிட்டே கேட்டாரு. "குரங்குன்னா கூட பரவால்லடா, கரடின்னா மூஞ்சியவே பிச்சு எடுத்துரும்டா"ன்னுட்டு அன்னிக்கு சாயந்தரமே பரண் ஏணிக்கு புதுக் கயிறு கட்டிட்டாரு.