தும்புத்தடியும் பைபொட்டும்

ரைபிளின் முன்பக்கத்தைத் தாங்குகிற இரண்டு கால் பைபொட்டை வாங்கும்போது பலர் செய்கிற பிழை ஒன்றுதான். உயரமானதை எடுத்தால் எல்லாவற்றுக்கும் உதவும் என்று நினைப்பது. ஹரிஸ் நிறுவனத்தின் பைபொட்டுகளில் 6 முதல் 9 அங்குலம் வரை நீள்வதும் இருக்கிறது, 9 முதல் 13 வரை நீள்வதும் இருக்கிறது. சமதரையில் படுத்துச் சுடுகிற பெரும்பாலானோருக்கு முதலாவதே காணும்.

ஏன் என்று பார்க்கத் துப்பாக்கி வேண்டாம். வெள்ளவத்தை ஃபிளாட்டின் சீமெந்துத் தரையில் நானும் மச்சானும் ஒரு தும்புத்தடியில் லேசர் பொயின்டரை ஒட்டி, முன்பக்கத்தைப் புத்தக அடுக்கில் வைத்து, பின்பக்கத்தைத் தோளில் அணைத்துக்கொண்டு படுத்தோம் (மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்). புத்தகத்துக்கும் தோளுக்கும் இடையில் 70 சென்ரிமீற்றர், சுவர் 7 மீற்றர் தூரத்தில். தோள் ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் சுவரில் புள்ளி 10 மில்லிமீற்றர் நகரும். இதே கணக்கு 100 மீற்றரில் 14 சென்ரிமீற்றர்! ஒரு மூச்சுக்குத் தோள் எவ்வளவு எழும்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுக்கு தாழ்வாக இருந்தபோது நெஞ்சும் வயிறும் தரையில் படிந்து கிடந்தன, புள்ளி மெல்ல ஏறி இறங்கியது, மூச்சை விட்டு முடித்த அந்த இடைவெளியில் கிட்டத்தட்ட நின்றே விட்டது. இன்னும் நாலைந்து தடித்த புத்தகங்களை வைத்ததும் தோளும் கூடவே எழும்ப வேண்டியதாயிற்று. நெஞ்சு தரையை விட்டது, உடம்பின் பாரம் முழுக்க இரண்டு முழங்கைகளில், நாரி வளைந்து நோக ஆரம்பித்தது, புள்ளி நடனமாடியது. தசை பிடித்திருக்கிற பாரம் நடுங்கும், எலும்பும் தரையும் தாங்குகிற பாரம் நடுங்காது.

பின்னுதைப்பும் இதே கதைதான். உடம்பு தாழ்ந்து ரைபிளுக்கு நேர் பின்னால் கிடந்தால் உதை தோள்வழியாக உடம்பு முழுக்கப் பரவும். முழங்கைகளில் நிமிர்ந்து கிடந்தால் தோள் பின்னால் சாய்ந்து கொடுக்கும், குழல் மேலே துள்ளும், குண்டு எங்கே பட்டது என்று ரைபிளின் மேல் பூட்டிய தொலைநோக்கியில் பார்க்கவும் முடியாது.

அதற்காக அளவுக்கு மீறித் தாழ்த்தவும் கூடாது. ரைபிளின் கீழே நீட்டி நிற்கிற மகசின் (குண்டுகள் இருக்கும் பெட்டி) நிலத்தில் இடிக்கும், தொலைநோக்கியில் கண்ணை வைக்கத் தலையை அமுக்க வேண்டிவரும், பத்து நிமிடத்தில் பிடரி இறுகும். புல் உயரமாக இருந்தாலோ இலக்கு மேட்டில் இருந்தாலோ பைபொட்டின் கால்களை நீட்டத்தான் வேண்டும், அங்கே 9–13க்கு வேலை இருக்கிறது.

உயரத்தை ரைபிளில் இருந்து தொடங்காமல் உடம்பில் இருந்து தொடங்குங்கள். குண்டு போடாத ரைபிளோடு படுத்து, கண்ணை மூடி, கன்னத்தை அதன் இடத்தில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள்: தொலைநோக்கியின் வட்டம் கருநிழல் இல்லாமல் முழுதாகத் தெரிய வேண்டும், குறி இலக்குக்குக் கிட்ட நிற்க வேண்டும். அதற்கேற்பக் கால்களைப் பூட்டுங்கள். மிச்சமிருக்கிற சின்ன ஏற்ற இறக்கத்தை, தோளில் அணைக்கிற பின்தண்டின் கீழே வைத்த மணல் பையை நசுக்கிச் சரிசெய்யலாம்.