தாங்குதிறன்: வேருக்குச் சகிப்புத்தன்மை ஏது?

எலுமிச்சைக் குடும்ப மரங்களின் வேரழுகல் நோயைப் பற்றித் தமிழில் எழுதுவோர், ‘நோய் சகிப்புத்தன்மை கொண்ட வேர்ச்செடி’ என்ற தொடரை விடாமல் பயன்படுத்துகிறார்கள் (வேர்ச்செடி என்பது ஒட்டுக்கட்டும்போது வேர்ப்பகுதியாக அமையும் செடி). ‘டாலரன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்ததன் விளைவு இது. அச்சொல்லின் லத்தீன் மூலத்துக்குத் தாங்குதல் என்பதே பொருள்.

மண்ணில் வாழும் பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி, ஈரத்தில் நீந்திச் செல்லும் வித்துகளால் உறிஞ்சு வேர்களைத் தாக்குகிறது. மூவிலை ஆரஞ்சு போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள செடி, கிருமியை இனங்காணும் ஏற்பிகளுக்கும் தற்காப்புப் புரதங்களுக்கும் உரிய மரபணுக்களை முடுக்கி, கிருமி வேருக்குள் பரவுவதையே மட்டுப்படுத்துகிறது. இச்செடியையும் எளிதில் நோய்வாய்ப்படும் சுங்கி மாண்டரின் என்ற ஆரஞ்சு வகையையும் இரண்டின் கலப்பினங்களையும் ஒப்பிட்டு, தொற்றின்போது இயங்கும் மரபணுக்களை ஆராய்ந்த பிரேசில் ஆய்வு 2011இல் வெளிவந்தது. தாங்குதிறன் உள்ள செடியிலோ தொற்று நிகழ்கிறது, வேரும் அழுகுகிறது. ஆனால் இழந்த வேர்களுக்கு ஈடாகப் புது வேர்களை விட்டு மரம் நிலைத்து நிற்கிறது.

இதைச் சகிப்பு என்று எப்படிச் சொல்வது? சகிப்பு என்பது தனக்கு ஒவ்வாத ஒன்றை மனத்தால் பொறுத்துக்கொண்டு வாளாவிருத்தல். வேருக்கு மனமும் இல்லை. அது வாளாவிருப்பதும் இல்லை. அச்சொல் வடமொழி வழி வந்தது என்பதால் மட்டும் நான் அதை மறுக்கவில்லை. புது வேர் விடும் செடியைச் செயலற்ற செடியாகக் காட்டுவதால் மறுக்கிறேன். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ என்ற குறளில் நிலத்துக்குத் தாங்குதலும் மனிதருக்குப் பொறுத்தலும் எவ்வளவு துல்லியமாகப் பிரிந்து நிற்கின்றன! உழவர்களும் ‘வறட்சி தாங்கும் ரகம்’ என்றே சொல்கிறார்கள்; வறட்சியைச் சகிக்கும் ரகம் என்று வயலில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இன்னொரு சாரார் இரண்டு கருத்துக்கும் ‘எதிர்ப்புத்திறன்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். இது இன்னும் கேடானது. அதை நம்பி வேர்ச்செடி வாங்குபவர் தம் தோட்டத்துக்கு நோயே வராது என்று எண்ணி, வடிகாலைக் கவனியாமல் விடுவார்; தாங்கும் வேர்ச்செடியோ கிருமியைத் தன் வேரில் வைத்துக்கொண்டே வாழ்வது. மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்குச் சொல் தேடுவதற்குமுன், வேரில் நடப்பது என்ன என்று ஒருமுறை கேட்டறிய வேண்டும். எதிர்ப்புத்திறன், தாங்குதிறன் என்ற இரண்டையும் தனித்தனியே ஆண்டால், ‘தாங்குதிறன் மரபணு’, ‘தாங்கும் வேர்ச்செடி’ என்ற தொடர்கள் தடையின்றி அமைந்துவிடும்.