அந்த முதல் மூன்று நிமிடங்கள்

"ஓடிவிட்டு வந்தபின் ஒருநாளும் வருந்தியதில்லை. ஓடக் கிளம்புமுன் வருந்தாத நாளும் இல்லை. இது சோம்பலா, கோளாறா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை. தொடக்கம் கடினமாக இருக்கும் என்று அவர் மனம் எச்சரிக்கிறது. அது உண்மைதான். ஆனால் தொடக்கத்துக்கு மட்டும் பொருந்தும் எச்சரிக்கையை அவர் முழு ஓட்டத்துக்கும் வைத்துப் பார்த்துவிடுகிறார்.

தசை சுருங்க ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும், அதை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு தயாரிக்கிறது என்பதெல்லாம் பள்ளியில் படித்ததே. அங்கே சொல்லாமல் விட்டது நேரக் கணக்கு. ஓடத் தொடங்கிய கணமே கால்களின் ஆற்றல் தேவை பல மடங்கு எகிறிவிடுகிறது. ஆக்சிஜன் வரத்தோ படிப்படியாகத்தான் ஏறும். மிதமான ஓட்டத்தில்கூடத் தேவையை எட்டிப்பிடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். கையிருப்பு ஏ.டி.பி. சில நொடிகளுக்கே காணும். ஆக்சிஜன் வரத்து எட்டிப்பிடிக்கும்வரை தசை தன்னுள் சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டை உடைத்தும், குளுக்கோசை ஆக்சிஜன் இல்லாமல் அரைகுறையாகச் சிதைத்தும் சமாளிக்கிறது. ஓடி நின்ற பிறகும் மூச்சு வாங்குவதை வைத்து, ஆங்கிலேய உடலியலாளர் ஏ.வி. ஹில் 1920களில் இதை 'ஆக்சிஜன் கடன்' என்றார். வாங்கியதும் அடைத்ததும் அத்தனை நேராகப் பொருந்துவதில்லை என்று பின்னால் தெரியவந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த இடைவெளி எப்படி அடைபடுகிறது என்பதுதான் எனக்கு அலுக்காத கதை. ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்கு. கடும் உழைப்பின்போது இதயம் இறைப்பதே பல மடங்காகி, அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்குப் போகிறது. எந்தத் தசைக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று மடை திறப்பவர் யார்? மூளை ஓரளவுக்குத்தான். உழைக்கும் தசையிலிருந்து கசியும் கார்பன் டை ஆக்சைடு, பொட்டாசியம், அடினோசின் போன்றவை பக்கத்திலிருக்கும் நுண்தமனிகளை, அதாவது தசைக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு குழாய்களை, தளர்த்திவிடுகின்றன. எந்த வயல் காய்கிறதோ அந்த வயலே தன் மடையைத் திறந்துகொள்கிறது! அதோடு முடியவில்லை. சூடேறி, அமிலத்தன்மை கூடிய தசைக்குள் வரும் ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி, ஆக்சிஜனைத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. கார்பன் டை ஆக்சைடு இப்படிப் பிடியைத் தளர்த்துவதை 1904இல் காட்டியவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர்; அணு மாதிரிக்குப் பெயர்பெற்ற நீல்ஸ் போரின் தந்தை. அவரிடம் உதவியாளராக இருந்த ஆகஸ்ட் குரோக், தசையின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களான தந்துகிகளில் ரத்த ஓட்டம் எப்படிக் கட்டுப்படுகிறது என்று கண்டறிந்து 1920இல் நோபல் பரிசு பெற்றார். தந்துகிகளை எண்ணிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கும் நிதிக் குழுவிடம் அவர் இன்று விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்ப்பேன். நல்ல பதில் கிடைத்திருக்காது.

ஆக, மூச்சு முட்டுவதும் கால் கனப்பதும் பெரும்பாலும் மடை திறக்கும்வரைதான். நம் மனம் எடைபோடுவதும் அந்தப் பகுதியைத்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது மக்கள் குறைவாகவே மதிப்பிட்டார்கள். செய்து முடித்தபின் சொன்ன மதிப்பு அதைவிட அதிகம். தொடக்கத்தின் கசப்பிலேயே கவனம் நின்றுவிடுவதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

இதற்கு ஊக்க உரை மருந்தாகுமா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மந்திரித்த கயிற்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தோன்றவில்லை. 2002இல் பிரிட்டனில் மாணவர்களிடையே நடந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கும் கையேட்டைப் படித்தவர்களில் 35 சதவீதத்தினரே அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். அந்தக் கையேட்டைப் படிக்காதவர்களில் 38 சதவீதம்! கையேட்டோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்றும் எழுதிவைத்தவர்களில் 91 சதவீதம். எழுதிவைத்தவருக்கு அந்த நேரத்தில் மனத்தோடு வழக்காடும் வேலை மிச்சம்.

வாசகருக்கு என் யோசனை: காய்ச்சலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஓய்வெடுங்கள், அது வேறு கதை. வெறும் மனமில்லாமைதான் என்றால், போவதா வேண்டாமா என்ற முடிவைப் பத்தாவது நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். அதுவரை நடங்கள். வேகம் குறைந்தால் தேவையும் குறையும், பற்றாக்குறையும் சிறிதாகும். பத்தாவது நிமிடத்திலும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாகத் திரும்பிவிடலாம்.

இதில் ஓர் அநியாயமும் உண்டு. பழகிய உடலில் ஆக்சிஜன் வரத்து வேகமாக ஏறிவிடும். பழகாத உடலில் மந்தமாக ஏறும். உடற்பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கே அந்த முதல் நிமிடங்கள் நீளம். சில வாரப் பயிற்சியில் அது குறையத் தொடங்கும்.