அலைபாசி: சொல் விளக்கம்

சீனாவின் தைஹு ஏரியைப் பற்றிய கட்டுரையொன்றின் தமிழாக்கம் சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. "மிதக்கும் தாவரங்கள் பெருகும்போது ஏரியின் அடியிலுள்ள செடிகள் ஒளியின்றி அழிகின்றன" என்று அதில் ஒரு வாக்கியம். மிதக்கும் தாவரம் என்றால் சிங்கப்பூரில் என் வயதினருக்கு ஆகாயத்தாமரைதான் நினைவுக்கு வரும்; கம்பங்களில், அதாவது சிற்றூர்களில், வாழ்ந்த காலத்தில் பன்றித் தீவனத்துக்காகக் குளங்களில் வளர்த்தார்களே, அதுதான். மூலம் பேசியதோ ஃபைட்டோபிளாங்டனை, அதாவது உருப்பெருக்கி இல்லாமல் தனித்துக் காண முடியாத நுண்பாசிகளை. இந்த ஆண்டில் இதே பிழையை நான் திருத்துவது மூன்றாம் முறை.

நீரோடு அலையும் உயிர்களுக்குப் 'பிளாங்டன்' என்னும் பெயரை 1887இல் இட்டவர் ஜெர்மானிய அறிவியலாளர் விக்டர் ஹென்சன். கிரேக்கத்தில் 'பிளாங்டோஸ்' என்பது அலைந்து திரிவது. 'ஃபைட்டோன்' என்பது செடி.

மிதத்தல் என்ற பொருள் இதில் எங்கும் இல்லை. ஆயினும் 'மிதவைத் தாவரம்', 'தாவர மிதவை' என்றெல்லாம் எழுதுகிறார்கள். மிதவை என்பது கடற்கரையில் நீந்துவோருக்கு எல்லை காட்டும் பொருள். சங்கப் பாடல்களிலோ அது ஒருவகைக் கூழ். (பாசி மண்டிய ஏரிநீரைப் பார்த்தால் இரண்டாவது பொருள் பொருந்தத்தான் செய்கிறது.) எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தாமரைத் தொட்டி உண்டு, கொசுவுக்கு அஞ்சி அதில் மீன் விட்டிருக்கிறேன். அதன் பச்சை நீரைக் கண்ணாடிக் குவளையில் முகந்து ஓரிரவு அசையாமல் வைத்தால், காலையில் அடியில் பழுப்பாக ஒரு படலம் தங்கியிருக்கும். டயட்டம் போன்ற நுண்பாசிகள் மணற்சத்தாலான ஓடு சுமப்பவை, நீரைவிடக் கனமானவை. காற்று நீரைக் கலக்கும்வரைதான் அவை மேலே இருக்கும். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் உடலுக்குள் வளிப்பைகள் கொண்டு மேலெழும்புவது உண்மைதான், ஆனால் ஓரினத்தின் இயல்பை எல்லாவற்றுக்கும் பெயராக்கலாகாது.

அடுத்து, 'தாவரம்'. வடமொழி 'ஸ்தாவரம்' தமிழில் இவ்வடிவம் பெற்றது. இடம்பெயராமல் நிற்பது என்பது பொருள். பழைய பத்திரங்களில் வீட்டையும் நிலத்தையும் 'ஸ்தாவர சொத்து' என்று எழுதியதை அறிந்தவர்கள், நீரோடு அலைவதற்கு இப்பெயரைச் சூட்டினால் சிரிக்க மாட்டார்களா?

இதைச் சொற்சண்டை என்று ஒதுக்குவோருக்கு அந்த வாக்கியத்தையே காட்டுவேன். தைஹுவின் பரப்பு 2,300 சதுர கிலோமீட்டருக்கும் மேல். சராசரி ஆழமோ ஏறத்தாழ 2 மீட்டர்தான். இத்தகைய ஆழமற்ற ஏரியில் ஒளி தரைவரை இறங்கினால் வேரூன்றிய செடிகள் சேற்றைப் பிடித்து நீரைத் தெளிவாக வைக்கின்றன. பாஸ்பரசும் நைட்ரஜனும் மிகுந்தால் நுண்பாசி பெருகி நீர் கலங்குகிறது, செடிகள் மடிகின்றன, பிடிமானம் இழந்த சேற்றைக் காற்று கிளறுகிறது, சேற்றிலிருந்த பாஸ்பரஸ் மீண்டும் பாசிக்கே உணவாகிறது. துணைவெப்பமண்டலத்தில் நீண்ட உறைபனிக்காலம் இல்லாததால் இப்பெருக்கம் ஆண்டின் பல மாதங்களுக்கு நீடிக்கக்கூடும். 2007இல் தைஹுவை நம்பியிருந்த வூசி நகரில் குழாய்நீர் நாற்றமெடுத்து ஏறத்தாழ 2 மில்லியன் பேர் அவதியுற்றது இப்பாசியால்தான். 'மிதக்கும் தாவரம்' என்று படித்தவரோ ஆகாயத்தாமரையை வாரி எறிந்தால் போதும் என்று எண்ணுவார். ஆகாயத்தாமரையும் ஒளியை மறைக்கும் என்பதால், தாம் தவறாகப் படித்ததே அவருக்குத் தெரியாது. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, வாக்கியம் என்ன சொல்கிறது என்று பாராமல் அனுப்பும் மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்குள்ள வருத்தம் இதுவே.

நான் எழுதுவது 'அலைபாசி'. பாசி நம் பழஞ்சொல். நீலப்பச்சைப் பாசி என்ற வழக்கும் ஏற்கெனவே உள்ளது. பாசி என்றால் நோன்பு திறக்கும்போது உண்ணும் கடற்பாசியல்லவா நினைவுக்கு வரும் என்றார் நண்பர் ஒருவர். 'அலை' என்னும் அடை அதற்காகத்தான். அலைபேசியோடு குழம்பாதா என்றார். இங்கே நாம் கைப்பேசி என்றுதானே சொல்கிறோம்!

அலைந்த, அலைகின்ற, அலையும் பாசி என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை இது. ஊறுகாய், சுடுசோறு போல இடையில் வல்லினம் மிகாது. இக்குறிப்போடு திருத்தி அனுப்பினேன். அச்சில் 'அலைப்பாசி' என்று வந்திருக்கிறது.